ரிமூவருக்குத் தமிழ்ல எதைப் போடலாம்: நீக்கியா, அகற்றியா, அழிப்பானா, வாங்கியா?

போன மாசம் மொழிபெயர்க்கச் சொல்லி ஒரு பொருள் பட்டியல் வந்துச்சு, அதுல ரிமூவர்ங்கிற சொல் மட்டும் ஆறு இடத்துல. நெயில் பாலிஷ் ரிமூவர், துணிக்கறைக்கு ஒரு ரிமூவர், துருவுக்கு ஒண்ணு, பெயிண்டுக்கு ஒண்ணு, ஸ்டேப்ளர் பின்னுக்கு ஒண்ணு, கடைசியா கம்ப்யூட்டர்ல வைரஸ் எடுக்கிற மென்பொருள் ஒண்ணு. கூடவே ஒரு குறிப்பும் இருந்துச்சு, எல்லாத்துக்கும் ஒரே தமிழ்ச் சொல்லா போடுங்க, சீரா இருக்கட்டும்னு. ஆறுக்கும் நீக்கின்னு போட்டு அனுப்பியிருக்கலாம்தான், ஆனா வரிசையா வாய்விட்டுப் படிச்சுப் பார்த்தா மூணு சரியா உக்காருது, மூணு உக்காரவே மாட்டேங்குது. அப்புறம் ரெண்டு நாள் இதே நினைப்புதான். இந்த மாதிரி லேபிளும் ஆப்பும் கையேடும் தமிழ்ல எழுதுறவங்களுக்கு எந்தச் சொல்லை எங்க போடுறதுங்கிற முடிவு அடிக்கடி வரும், அதனால நான் எடைபோட்டுப் பார்த்ததை இங்க வைக்கிறேன்.

முதல்ல ஒண்ணு கவனிச்சீங்களா, இங்கிலீஷ்ல அந்த ஒரே சொல் திரவத்துக்கும் வரும், இரும்புக் கருவிக்கும் வரும், மென்பொருளுக்கும் வரும். பிரிட்டன்ல வீட்டுச் சாமான் ஏத்தி இறக்குற கம்பெனிக்காரங்களைக்கூட அந்தச் சொல்லாலதான் சொல்றாங்க. ஏதோ ஒண்ணை இருந்த இடத்துல இல்லாம பண்ணுது, அவ்வளவுதான் அதோட பொருள், எப்படிப் பண்ணுதுன்னு அது சொல்றதில்ல. தமிழ் அப்படி இல்லையே. நாம களை எடுக்கிறோம், ஆணி பிடுங்குறோம், தூர் வாருறோம், ஒட்டடை அடிக்கிறோம், தோல் உரிக்கிறோம், தையல் பிரிக்கிறோம், எழுதினதை அழிக்கிறோம், கறையைப் போக்குறோம். எதை எடுக்கிறோமோ அதுக்குத் தகுந்த வினை தானா வாயில வந்துடும். "ஒட்டடையை அகற்றினேன்"னு யாரும் பேச மாட்டாங்க, "ஆணியை நீக்கினேன்"னு சொன்னா கேக்குறவங்க ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. அப்போ ஒரே சொல் போட்டா சீரா இருக்கும்ங்கிறது இங்கிலீஷுக்குச் சரியா வரலாம், தமிழ்ல அந்தச் சீரே ஒரு குறைதான்னு எனக்குப் படுது.

சரி, ரிமூவர்னே விட்டுடலாமேன்னு நிறையப் பேர் சொல்வாங்க. பேச்சுல அதுதான் இருக்கு, அதை நான் மறுக்கல. நெயில் பாலிஷ் ரிமூவர்னு சொல்றவங்ககிட்ட நகப்பூச்சு நீக்கின்னு சொன்னா புரியும், ஆனா அவங்க வாயால சொல்ல மாட்டாங்க. பொருளோட பேர் பெரிய எழுத்துல வர்ற இடத்துல ரிமூவர்னு தமிழ் எழுத்துல போடுறது தப்பே இல்ல. சிக்கல் அதுக்குக் கீழ வர்ற வரிகள்லதான் வருது. அது திரவமா கருவியான்னு அந்தச் சொல் சொல்லாது. சில வருஷம் முன்னாடி எனக்கு வந்த ஒரு சொல் பட்டியல்ல படம் இல்லாம, விளக்கம் இல்லாம "பெயிண்ட் ரிமூவர்"னு மட்டும் இருந்துச்சு. சுவத்துல பெயிண்டைச் சுரண்டுற தகடுன்னு நினைச்சு "பெயிண்ட் சுரண்டி"ன்னு போட்டுட்டேன். அது பெயிண்டை இளக்கி எடுக்கிற ரசாயனக் களிம்பு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒருத்தர் பார்த்துத் திருத்திட்டார், ஆனா எனக்கு இன்னிக்கும் அது உறுத்துது, ஏன்னா அந்த வகை ரசாயனம் சாதாரணப்பட்டது இல்ல. டைகுளோரோமீத்தேன் கலந்த பெயிண்ட் ரிமூவரை வீட்டு உபயோகத்துக்கு விக்கக்கூடாதுன்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019ல தடையே போட்டுச்சு, மூடின அறையில அந்த ஆவியை மூச்சுல இழுத்து ஆளுங்க செத்துப்போனதாலதான் அந்தத் தடை. சுரண்டின்னு படிச்சவர் ஜன்னலைத் திறந்து வைக்கணும்னு எதுக்கு நினைக்கப் போறார்?

இப்போ நீக்கி. என்னைக் கேட்டா இருக்கிறதுலேயே அதிகம் கைகொடுக்கிற சொல் இதுதான். நீங்குன்னா தானா போறது, நீக்குன்னா போக வைக்கிறது. ஒண்ணோட ஒட்டிக்கிட்டு, கலந்துகிட்டு, அதோட பகுதியாவே இருக்கிறதைப் பிரிக்கிறதுக்கு நீக்கு வரும். பதவி நீக்கம், பெயர் நீக்கம், குறை நீக்குறது, சந்தேகம் நீக்குறது எல்லாத்துலயும் அந்த ஒட்டு இருக்கு. "நீக்கமற நிறைந்திருக்கு"ன்னு சொல்றோமே, நடுவுல பிரிவே இல்லாம நிறைஞ்சிருக்குன்னுதானே அதுக்குப் பொருள். அதனால கறைக்கும் நகப்பூச்சுக்கும் நீக்கி அப்படியே பொருந்துது, ரெண்டும் மேல ஒட்டினது, அது போனதும் அடியில இருக்கிற துணியும் நகமும் பழையபடி நிக்கணும்.

-இ விகுதி ஏதோ புதுசா கலைச்சொல் பண்றவங்க கண்டுபிடிச்சதுன்னு சிலர் நினைக்கிறாங்க, அது இல்ல. மண்ணை வெட்டுற கருவி மண்வெட்டி. திருக்குறள் 306ல கோபத்தைச் "சேர்ந்தாரைக் கொல்லி"ன்னு வள்ளுவர் சொல்றாரே, அந்தக் கொல்லியும் இதே அச்சுல வந்ததுதான். வடிகட்டி, ஒலிபெருக்கி, குளிரூட்டி, உலாவி, செயலி எல்லாம் அந்த வரிசையில வந்து சேர்ந்தவை. அதனால நீக்கின்னா காதுக்குப் புதுசாவே தெரியாது.

ஆனா நீக்கியில ஒரு பள்ளம் இருக்கு, லேபிள் எழுதுறவங்க அடிக்கடி விழுற பள்ளம். நீக்கிங்கிறது பெயர்ச்சொல் மட்டும் இல்ல, வினையெச்சமும் அதே உருவம்தான். "நீக்கிவிட்டு"ங்கிற பொருள்லயும் நீக்கின்னு வரும். ஒரு டப்பாவோட பின்பக்கம் இப்படி ஒரு தலைப்பு இருக்குன்னு வச்சுக்குங்க: "துரு நீக்கி பூசும் முறை". இதுக்கு என்ன அர்த்தம்? துருநீக்கிங்கிற திரவத்தைப் பூசும் முறையா, இல்ல துருவை நீக்கிட்டு அப்புறம் பூசும் முறையா? ரெண்டும் நேர் எதிர் வேலை. முதல் பொருள்ல படிச்சவர் துரு மேலயே ஊத்துவார், ரெண்டாவது பொருள்ல படிச்சவர் உப்புத்தாள் எடுத்துத் தேய்ச்சு முடிச்சிட்டு, பளபளன்னு இருக்கிற இரும்பு மேல ஊத்துவார். இலக்கணப்படி பார்த்தா வினையெச்சமா இருந்தா "நீக்கிப் பூசும்"னு ப் மிகும், பெயரா இருந்தா மிகாது, ஆனா இன்னிக்கு ஒற்றுப் போட்டு எழுதுறவங்க எத்தனை பேர், அதைப் பார்த்துப் பொருள் பிரிச்சுப் படிக்கிறவங்க எத்தனை பேர். இதுக்கு நான் கைல வச்சிருக்கிற வழி ரெண்டு. ஒண்ணு, எப்பவும் சேர்த்தே எழுதுறது, கறைநீக்கி, துருநீக்கி, நடுவுல இடம் விடவே கூடாது. இன்னொண்ணு, வாக்கியத்துல வந்தா வேற்றுமை உருபை விடாம போடுறது. "கறை நீக்கி துணியில் 10 நிமிடம் விடவும்"னு எழுதினா ஏதோ அரைகுறையா நிக்குது, "கறைநீக்கியைத் துணியில் ஊற்றி 10 நிமிடம் விடவும்"னு எழுதினா யாருக்கும் குழப்பம் வராது.

அகற்றியும் நீக்கியும் ஒண்ணுதானேன்னு கேட்டா, அகராதியில பக்கத்துப் பக்கத்துல இருக்கும், புழக்கத்துல வேற வேற. அகல், அகலம், அகற்று எல்லாம் ஒரே வேர், அதுல இடம்ங்கிற நினைப்பு உள்ளுக்குள்ள இருக்கு. இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கிறதைத் தள்ளி வைக்கிறதுதான் அகற்றுறது. ஆக்கிரமிப்பை அகற்றுறாங்க, குப்பையை அகற்றுறாங்க, விழுந்த மரத்தை அகற்றுறாங்க. குப்பையை நீக்கினாங்கன்னு எழுதினா சப்புன்னு இருக்கும். இன்னொரு விஷயம், அகற்றினது ஒழிஞ்சு போயிடுறதில்ல, வேற இடத்துக்குப் போகுது, குப்பை இங்கிருந்து போச்சுன்னா எங்கயோ கொட்டியிருக்காங்கன்னுதான் அர்த்தம். ஃபோனைத் தமிழ்ல வச்சுப் பார்க்கிறவங்களுக்கு இது பழக்கமாவே ஆகியிருக்கும், ஃபைலை ஒழிக்கிறதுக்கு "நீக்கு"ன்னு வரும், ஒரு பட்டியல்லருந்து மட்டும் எடுக்கிறதுக்கு "அகற்று"ன்னு வரும், பட்டியல்ல இல்லைன்னாலும் பொருள் உள்ள பத்திரமா இருக்கும். இந்த வித்தியாசம் நல்ல வித்தியாசம், புதுசா ஆப் மொழிபெயர்க்கிறவங்க இதைக் கலைச்சிடாதீங்கன்னு கேட்டுக்கிறேன். ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டா, பட்டியல்லருந்து எடுக்க நினைச்சவர் மொத்த ஃபோட்டோவையும் தொலைச்சிட்டு நிப்பார்.

அகற்றிங்கிற பெயர் வடிவம் மட்டும் எனக்கு அவ்வளவா பிடிக்கல, ஏன்னா அதுவும் வினையெச்சக் குழப்பத்துல மாட்டுது, அதோட நீக்கி அளவுக்குப் பேர்ச்சொல்லா புழங்கவும் இல்ல. அகற்று வேணும்னா "அகற்றும் கருவி"ன்னு விரிச்சு எழுதுறது மேல். மைக்ரோசாஃப்ட் 2005 ஜனவரியில வைரஸ் மாதிரியானதுகளை எடுக்க விண்டோஸுக்கு ஒரு சின்ன மென்பொருள் விட்டுச்சு, அதோட இங்கிலீஷ் பேர்லயே "அகற்றும் கருவி"ங்கிற மாதிரிதான் இருக்கு. ஏற்கனவே உள்ள வந்து உக்காந்த சில குறிப்பிட்ட தீய நிரல்களைத் தேடி எடுக்கிறது மட்டும்தான் அதோட வேலை, உள்ள வராம காவல் காக்கிறது இல்ல. அதைத் தமிழ்ல "வைரஸ் தடுப்பு"ன்னு எழுதினா பொய்யாயிடும், "அகற்றும் கருவி"ன்னு எழுதினா சொன்னதைத்தான் செய்யும்.

அழிப்பானுக்கு வருவோம். பள்ளிக்கூடத்துல பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர் தமிழ்நாட்டுப் பேச்சுல ரப்பர்தான், இலங்கையில அழிறப்பர்னு அழகா சொல்வாங்க, புத்தகத் தமிழ்ல அழிப்பான். அழின்னா அந்தப் பொருள் இருந்த தடயமே இல்லாம போகணும். அதனால இந்தச் சொல்லைக் கறைக்குப் போடக்கூடாதுன்னு சொல்லுவேன், கறை அழிப்பான்னு சில இடத்துல பார்த்திருக்கேன், துணியையும் சேர்த்து அழிச்சிடுமோன்னு ஒரு பயம் அதுல தொங்குது. ஆனா அழிப்பான் தவிர வேற எதுவும் பொருந்தாத ஒரு இடம் இருக்கு. கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலை நீக்கினா பெரும்பாலும் அது எங்க இருக்குங்கிற குறிப்பு மட்டும்தான் போகுது, ஹார்ட் டிஸ்க்ல அந்தத் தகவல் மேல வேற எதுவும் எழுதப்படுற வரைக்கும் அது அங்கேயேதான் கிடக்கும், அதனாலதான் நீக்கின ஃபைலை மீட்டுத் தர்ற மென்பொருள் எல்லாம் வேலை செய்யுது. அந்த இடத்து மேலேயே திரும்ப எழுதி மீட்க முடியாம பண்ற மென்பொருள் தனியா இருக்கு. முதல் வகைக்கு நீக்கி, ரெண்டாவது வகைக்கு அழிப்பான், இதுல மாற்றுக் கருத்தே எனக்கு இல்ல, பழைய கம்ப்யூட்டரை அடுத்தவங்களுக்குக் கொடுக்கப் போறவருக்கு இந்த ரெண்டு சொல்லுக்கு நடுவுல இருக்கிற தூரம்தான் பாதுகாப்பு.

கொல்லியும் நாசினியும் உயிருள்ளதுக்கு மட்டும். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, கிருமிநாசினி. கொன்னதுக்கு அப்புறம் செத்தது அங்கேயே கிடக்கும், அதைத் தனியா எடுக்கணும். களைக்கொல்லியும் களையெடுக்கிற கருவியும் ஒண்ணாகாது. வைரஸ்கொல்லின்னு மென்பொருளுக்குப் போடுறது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நிறைய மென்பொருள் சந்தேகப்பட்ட ஃபைலைக் கொல்றதே இல்ல, தனியா ஒரு இடத்துல பூட்டி வச்சுட்டு உங்ககிட்ட என்ன பண்ணலாம்னு கேக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல் இன்னும் வரல. முள்வாங்கி. கால்ல முள்ளு குத்தினா எடுக்கிற சின்ன இடுக்கிக்கு அதுதான் பழைய பேர், அகராதிகள்ல இன்னும் இருக்கு. காதுக் குறும்பி எடுக்கிற கருவிக்குக் குறும்பிவாங்கின்னு பேர். வாங்குன்னா இன்னிக்குக் காசு கொடுத்து வாங்குறதுதான் முதல்ல ஞாபகம் வருது, ஆனா அதுக்கு இழுக்கிறதுங்கிற பொருள் இன்னும் உயிரோட இருக்கு. மாடி ஏறினா மூச்சு வாங்குது, கடல் உள்வாங்குது, படை பின்வாங்குது, ஒருத்தர்கிட்ட வேலை வாங்குறோம், உயிரை வாங்காதேன்னு திட்டுறோம். எல்லாத்துலயும் உள்ள இருக்கிறது இழுபட்டு வருது. முள்ளு எடுக்கிறவங்க கையைப் பாருங்க, ஊசியால மேல்தோலை லேசா கிளறி, முள்ளோட நுனி தெரிஞ்சதும் இடுக்கியால கவ்வி, அது போன தடத்திலேயே நேரா, உடையாம இழுப்பாங்க, கோணலா இழுத்தா பாதி உள்ளேயே நின்னு சீழ் வச்சுடும். உள்ள பொதிஞ்சதை முழுசா வெளிய எடுக்கணும்ங்கிற அந்தக் கவனம் பூரா வாங்கிங்கிற சொல்லுக்குள்ள இருக்கு, நீக்கியில அது இல்ல. இப்படி ஒரு சொல்லை வச்சுக்கிட்டு ஆறு இடத்துலயும் நீக்கி நீக்கின்னு எழுதுறது எனக்கு மனசு ஒப்பல. பெருசா, பலம் போட்டு எடுக்கிற கருவியா இருந்தா பிடுங்கின்னு வைக்கலாம், ஆணிபிடுங்கின்னா கேட்டதும் படம் கண்ணு முன்னாடி வந்துடும்.

இதையெல்லாம் வச்சு என் பட்டியல் இப்படி முடிஞ்சுது. நகப்பூச்சுக்கு மேல ரிமூவர்னே விட்டேன், கீழ விளக்கத்துல "நகப்பூச்சுநீக்கித் திரவம்"னு போட்டேன், அசிட்டோனோ எத்தில் அசிட்டேட்டோ பூச்சைக் கரைச்சுத்தான் எடுக்குது, திரவம்னு சொன்னாத்தான் தீப்பிடிக்கும்ங்கிற எச்சரிக்கைக்கு ஒரு பிடி கிடைக்கும். துணிக்கறைக்குக் கறைநீக்கி. இதுல மட்டும் ஒரு சின்ன உறுத்தல், நொதி கலந்தது கறையையே உடைச்சுக் கழுவி விடுது, ஆனா பிளீச் வகை கறையோட நிறத்தை மட்டும் போக்குது, கண்ணுக்குத் தெரியலைன்னா போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அதனால பிளீச் வகைக்கு நிறநீக்கின்னு தனியா எழுதிக் கேட்டேன், ஒத்துக்கிட்டாங்க. துருவுக்கு டப்பாவோட சேர்மானத்தைப் படிச்சுட்டுத்தான் முடிவு பண்ணினேன். துருவைக் கரைச்சு எடுக்கிற அமிலமா இருந்தா துருநீக்கி சரி, ஆனா டானிக் அமிலம் மாதிரியானது துருவை எடுக்கிறதே இல்ல, அதை இரும்போட ஒட்டின கறுப்பான வேற பொருளா மாத்திடுது, அதுக்குத் துருமாற்றிதான் சரி. எனக்கு வந்தது முதல் வகை. பெயிண்டுக்கு இந்தத் தடவை "பெயிண்ட் இளக்கும் களிம்பு"ன்னு நீட்டியே எழுதினேன், அழகு கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல, சுரண்டிங்கிற சொல் அதுக்குப் பக்கத்துல வரவே கூடாதுன்னு நினைச்சேன். மென்பொருளுக்கு வைரஸ் அகற்றும் கருவி.

மிச்சம் ஸ்டேப்ளர் பின். காகிதத்துக்குள்ள போய் மடங்கி நிக்கிறதை ரெண்டு பல்லால கவ்வி இழுக்குது, வேலை அச்சு அசலா முள்வாங்கியோட வேலை, அதனால ஆசையா பின்வாங்கின்னு எழுதிட்டு மறுநாள் காலையில படிச்சேன். "பின்வாங்கி 1 எண்ணம்." யுத்தத்துலருந்து ஓடி வந்த மாதிரி நிக்குது. பின்னுக்குப் பதிலா கம்பின்னு மாத்தி கம்பிவாங்கின்னு போட்டேன், காசு கொடுத்துக் கம்பி வாங்குற மாதிரி இருக்குன்னு பார்த்தவங்க சொன்னாங்க, அதுவும் நியாயம்தான். இப்போதைக்குப் பின்பிடுங்கின்னு அனுப்பியிருக்கேன். இதைவிட நல்லது யாருக்காவது தோணினா சொல்லுங்க, வாங்கி உள்ள வர்ற மாதிரி இருந்தா இன்னும் சந்தோஷம், அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கு.